வான் பார்த்த குடும்பம்

இரு மருமோன். கதிரையிலை இல்லை, உந்த வாங்கிலை இரு. உன்ரை காற்சட்டையிலை இருக்கிற ஒயில் கதிரைத் துணியிலை பட்டால் மாமி என்னைத்தான் பேசுவா. பிளேன் ரீ வருது, குடி. முகத்தைப் பாத்தால், வானைக் கொட்டாஞ்சேனைப் பாஸின்ரை கராஜிலை விட்டிட்டு ரெண்டு பஸ் மாறி வந்த முகம் மாதிரிக் கிடக்கு. நான் கேக்க மாட்டன். கேட்டால் "சின்ன வேலை மாமா, பின்னேரம் தருவார்" எண்டுவாய். போன தையிலையும் உதைத்தான் சொன்னனி. அந்தப் பின்னேரம் வந்து சேர ஒன்பது நாள் எடுத்தது.

நான் வன்னி ஆள். கிளிநொச்சிப் பக்கம் "வான் பாயுது" எண்டு ஆரும் ஓடிவந்து சொன்னால் ஊரே சந்தோசப்படும். இரணைமடு நிரம்பி, மிஞ்சின தண்ணி வானாலை வழியுது எண்டு அர்த்தம். சிறுபோகத்துக்கும் தண்ணி கிடக்கு, கடன்காரனுக்கும் துணிஞ்சு ஒரு நாள் சொல்லலாம். இஞ்சை வெள்ளவத்தைக்கு வந்த பிறகு ஒரு நாள் விடியப்பறம் கீழையிருந்து "மாமா, வான் பாயுது" எண்டு சத்தம் கேட்டுது. நித்திரைத் தூக்கத்திலை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வெளியிலை வாறன், உன்ரை டொல்பின் வான் ஒழுங்கை முழுக்க ஒயில் வடிச்சுக்கொண்டு நிக்குது.

மழையை நம்பின வயலை வான் பார்த்த பூமி எண்டு சொல்லுவினம். நீ வான் பார்த்த குடும்பம். அந்த வானாவது வருசத்திலை மூண்டு மாசம் ஒழுங்காப் பெய்யும்.

சரி, விக்கிறதோ வைச்சிருக்கிறதோ எண்டுதானே கேட்க வந்தனி? வைச்சிரு. யோசிக்காதை. நீ வித்தால் எத்தினை குடும்பம் தெருவுக்கு வரும் எண்டு நினைச்சுப் பாத்தியோ? பாஸின்ரை மகள் ஏ.எல். ரியூசனுக்குப் போகுது. அந்தப் பிள்ளையின்ரை பௌதிகவியல் உன்ரை கிளச் பிளேற்றிலை நிக்குது. பிறகு பஞ்சிகாவத்தையை நினை. மருதானைக்குப் பக்கத்திலை அவ்வளவு கடை, அவ்வளவு சனம். பழைய வாகனம் எண்டு ஒண்டு இல்லாட்டி அவை என்ன விக்கிறது, கச்சானோ? அங்கை வானை நிப்பாட்டிப்போட்டு "சைட் கண்ணாடி இருக்கோ" எண்டு கேட்டால், "ஒண்டு கிடக்கு, கொஞ்சம் பொறுங்கோ" எண்டு போய், உன்ரை வானிலையே கழட்டிக்கொண்டு வந்து உனக்கே விப்பினம் எண்டு கொழும்பிலை ஒரு பழைய பகிடி இருக்கு. நான் அதை நம்பிறதில்லை. உன்ரை வானிலை கழட்டி விக்கிற தரத்திலை ஒரு சாமானும் இல்லை.

சிரிக்காதை. நீ சாமான் வாங்கிற வடிவை நான் கூட வந்து பாத்திருக்கிறன். கடைக்காரர் மூண்டு பெட்டியை மேசையிலை வைக்கிறார். ஒண்டு கம்பனிச் சாமான். ஒண்டு ஜப்பானிலை பாவிச்சுக் கழட்டினது. மூண்டாவது பெட்டியிலை ஒரு நாட்டின்ரையும் பேர் இல்லை, ஒரு புலியின்ரை படம் மட்டும் கிடக்கு. உன்ரை கை நேரே புலிக்குப் போகுது. ஏனெண்டால் அது பாதி விலை. கிளச் பிளேற்று மாத்திறதெண்டால் பாஸ் கியர் பெட்டியை இறக்கவேணும். புலியைப் போடவும் இறக்கத்தான் வேணும், கம்பனிச் சாமானைப் போடவும் இறக்கத்தான் வேணும். கூலி ஒண்டுதான். புலி ஏழு மாசத்திலை தேயுது, திரும்ப இறக்கிறார், திரும்பக் கூலி. சுண்டங்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் எண்டு சும்மாவோ சொன்னவை? நீ அதே சுண்டங்காயை வருசத்துக்கு ரெண்டு தரம் சுமக்கிறாய். ஒவ்வொரு தரமும் பெறுமதி சேர் வரி வேறை. 2019 முடிவிலை 8 வீதமாய்க் குறைச்ச வரி, 2022 இலை ஒரு வருசத்துக்குள்ளை 12, பிறகு 15, 2024 தையிலையிருந்து 18. மலிஞ்ச சாமானை அடிக்கடி வாங்கி நாட்டைக் கட்டியெழுப்பிற ஆள் நீ. ஒருத்தரும் உனக்கு ஒரு மாலை போடேல்லை எண்டதுதான் எனக்குக் கவலை.

நீ என்ன சொல்லுவாய் எண்டு தெரியும். "லீசிங் இல்லை மாமா, மாசம் மாசம் ஒருத்தனுக்கும் கட்டத் தேவையில்லை, என்ரை வான் என்ரை பேரிலை." நல்லது. இப்ப அந்தச் சுவரிலை கொழுவியிருக்கிற கலண்டரைக் கழட்டு. ஓம், செட்டியார் தெரு நகைக்கடைக் கலண்டர்தான். பின்பக்கம் பாக்காதை, முன்பக்கம் பார். பென்சிலாலை போட்ட புள்ளடியெல்லாம் என்னெண்டு நினைச்சனி? மாமி என்ரை மருந்துக் கணக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. உன்ரை வான் கராஜிலை நிண்ட நாளெல்லாம் அதிலை கிடக்கு. எண்ணினனான். 41. அட்டமி நவமி எல்லாத்தையும் கூட்டினாலும் வருசத்துக்கு ஐம்பது தாண்டாது. கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கெட்ட நாளை உன்ரை வான் தனியாளாய் நிண்டு தந்திருக்கு.

அரசாங்க உத்தியோகத்தருக்கு வருசத்துக்கு 45 நாள் லீவு, சம்பளத்தோடை. உன்ரை வானுக்கு 41 நாள், சம்பளம் நீ குடுக்கிறாய். அது உத்தியோகம் பாக்குது மருமோன், நீதான் பியோன். கடையிலை நிக்கிற பெடியனுக்குக்கூட முதலாளி 12 வீதம், அவன் 8 வீதம் எண்டு சேமலாப நிதிக்குப் போகுது. உனக்கு அந்த 12 உம் நீதான், 8 உம் நீதான். ரெண்டையும் சேர்த்துப் பாஸிட்டைக் குடுத்திட்டு, "இந்த மாசம் வானுக்குப் பெரிசாச் செலவில்லை" எண்டு வேறை சொல்லுவாய். 41 நாளிலை நீ உழைக்காதது ஒரு பில்லிலையும் இல்லை. அந்த நாளுகளிலை பேலியகொடையாலை மரக்கறி ஏத்தி வர வேறை ஆளின்ரை சின்னப் பட்டா லொறியைப் பிடிச்சது, அதுவும் பில்லிலை இல்லை. மூண்டாம் தரம் நீ பிந்தினவுடனை, உன்னட்டை மரக்கறி எடுத்த காலி வீதிக் கடைக்காரர் அந்தப் பட்டாப் பெடியனையே வைச்சுக்கொண்டது எந்தப் பில்லிலை கிடக்கு சொல்லு? பஞ்சிகாவத்தையிலை விக்காத சாமான் அது ஒண்டுதான்.

உன்னைக் குற்றம் சொல்லேல்லை. கிழட்டு வண்டிக்கு ஆயுள் குடுக்கிறது ஒயில் இல்லை, தடை. கியூபாவிலை 1950 களிலை வந்த அமெரிக்கக் கார் இண்டைக்கும் தெருவிலை ஓடுதாம். புதுசு வரவிடாமல் அறுபது வருசமாய்க் கதவைச் சாத்தினால் பழசு ஓடாமல் என்ன செய்யும்? எங்கடை அரசாங்கம் 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினது. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு தரகர் இந்த ஒழுங்கைக்கே வந்து, நீ வாங்கின விலைக்கு மேலை கேட்டார். நீ நெஞ்சை நிமித்திக்கொண்டு குடுக்க மாட்டன் எண்டனி. "பாத்தியளோ மாமா, என்ரை வானின்ரை விலை ஏறுது." வான் ஏறேல்லை மருமோன், ரூபா இறங்கினது. 2022 பங்குனிக்கு முன்னம் டொலர் 200 ரூபா, ரெண்டு மூண்டு மாசத்திலை 360. வள்ளம் தாழேக்கை கரை உயருற மாதிரித்தான் இருக்கும். பிறகு 2025 மாசி முதலாம் திகதி கதவைத் திறந்தினம். வரியைக் கதவடியிலை நிக்க வைச்சினம். புதுசைப் பாத்தாய், விலையைக் கேட்டாய், திரும்பி வந்து டொல்பினின்ரை நெத்தியைத் தடவினாய். நான் பல்கனியிலை நிண்டு பாத்தனான்.

இப்ப ஒரு கதை. கதவைச் சாத்திப்போட்டு வா, குசினிக்குக் கேக்கும்.

1990 க்குப் பிறகு, யுத்த நாளிலை, வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வரவிடேல்லை. யாழ்ப்பாணத்திலையும் வன்னியிலையும் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடினது. 1950 களிலை சீமையிலை செய்த கார், நாப்பது வயசு. ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு துளி பெற்றோல் வேணும். அதைக் கண்ணுக்கு மருந்து விடுற சின்னப் போத்தலிலை வைச்சிருப்பம், தங்கம் மாதிரி. காபிறேற்றருக்கை ரெண்டு சொட்டு, ஒரு இருமல், ஒரு புகை, எஞ்சின் சூடேறினவுடனை மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பிள்ளைப்பெறுவுக்கும் அந்தக் கார்தான், செத்த வீட்டுக்கும் அந்தக் கார்தான். எனக்கும் அதிலை கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தது. ஊரிலை என்னை மெக்கானிக் எண்டு ஆரும் சொல்லேல்லை, ஆனால் மெக்கானிக் இல்லாத நேரம் என்னைத்தான் கூப்பிட்டவை.

இனி 2022 க்கு வா. டீசல் 2021 மார்கழியிலை 121 ரூபா. பங்குனியிலை 176. சித்திரையிலை 289. வைகாசியிலை 400. ஆனி முடிய 460. அதுவும் காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை. நீ ரெண்டு இரவு வரிசையிலை வானுக்குள்ளை படுத்தனி, நான் போத்தலிலை ரீ கொண்டுவந்து தந்தனான். ஆடியிலை எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்தது, வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பேலியகொடைக்கும் வெள்ளவத்தைக்கும் நாலு நாள் போய்வரக் காணாது. இவ்வளவுக்கையும் மண்ணெண்ணெய் விலை மட்டும் 87 ரூபாயிலை அசையாமல் நிண்டது. ஆவணியிலைதான் அதை 340 ஆக்கினது. அந்த இடைப்பட்ட நாளிலை, உன்ரை வான் நாலு பேணி மண்ணெண்ணெய் குடிச்சது ஞாபகமோ? டீசலோடை கலந்து? அந்த யோசினையை ஆர் தந்தது?

ஓம். நான்தான். மாமி கேட்டபோது "பெடியன் ஆரின்ரையோ கதையைக் கேட்டுக் கெட்டுப்போனான்" எண்டு சொன்னனான். பொய் இல்லையே.

வரிசையிலை நிண்டு அந்தப் பேணியை வாங்கினதும் நான்தான். காஸ் இல்லாமல் சமைக்க வந்த சனத்துக்கு நடுவிலை, நானும் சமைக்கத்தான் எண்டு முகத்தை வைச்சுக்கொண்டு. ஏ40 ஓடினது, இது ஓடாதோ எண்டு ஒரு நினைப்பு. ஏ40 இலை பிளக் பொறி அடிக்கும், உள்ளுக்குப் போறது எரிஞ்சால் காணும். டீசல் பம்ப் அந்தச் சாதி இல்லை. அதுக்கு டீசல்தான் தீனி, டீசல்தான் மசகு. உள்ளுக்கை மயிரிழை இடைவெளியிலை உருக்கும் உருக்கும் உரசிக்கொண்டு சுத்துது, இடையிலை டீசலின்ரை வழுவழுப்பு மட்டும்தான் கிடக்கு. மண்ணெண்ணெய் வறண்ட சாமான். ஓடேக்கை ஒண்டும் தெரியாது. அடுத்த வருசம் பம்ப் போச்சு. அண்டைக்கு மிச்சம் பிடிச்ச காசு பம்ப் வேலைக்காரரின்ரை முதல் பில்லுக்கே காணேல்லை. இதை எனக்குப் பாஸ்தான் விளங்கப்படுத்தினவர். விளங்கப்படுத்தினபோது நான் வலு கவனமாய்க் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான். இண்டைக்குத்தான் உனக்குச் சொல்லுறன். மாமிக்குச் சொல்லாதை. அதுக்குப் பதிலாய் என்ன வேணுமோ கேள், காசைத் தவிர.

அதிலையிருந்து எனக்கு ஒரு புத்தி வந்தது. இந்த வானுக்கு என்ன செய்தாலும் கணக்குப் பாத்துத்தான் செய்யிறது எண்டு. நீ பாக்க மாட்டாய், அதுதான் நான் பாக்கிறன்.

நீ ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர் ஓடுறாய் எண்டு வை. மெனிங் சந்தை புறக்கோட்டையிலை இருந்தவரைக்கும் இவ்வளவு இல்லை. அதைப் பேலியகொடைக்குக் கொண்டுபோன பிறகு களனி ஆத்தையும் தாண்டவேணும். லீற்றருக்குப் பத்து ஓடின வான் இப்ப எட்டுத்தான் ஓடுது. உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை, ஏனெண்டால் டீசலை நீ லீற்றரிலை அடிக்கிறேல்லை, "ரெண்டாயிரத்துக்கு அடி" எண்டு சொல்லுறாய். பத்தெண்டால் நாளைக்கு 6 லீற்றர், எட்டெண்டால் ஏழரை. ஒண்டரை லீற்றர் காத்திலை போகுது. மாசத்திலை 25 நாள் ஓட்டம், பன்ரெண்டு மாசம், 450 லீற்றர். லீற்றர் 280 எண்டு வைச்சால் 1,26,000 ரூபா. நொசில் கழுவாததுக்கு, பிறேக் இழுத்துப் பிடிக்கிறதுக்கு, ரயருக்குக் காத்து அடிக்காததுக்கு நீ கட்டுற லீசிங் அது. லீசிங்காரன் எண்டாலும் கடைசியிலை ஒரு வாகனத்தைத் தருவான்.

மற்றது அந்தக் கறள். ராவிலை வானை எங்கை விடுறாய்? மரீன் டிரைவிலை, கடலுக்கு முகம் காட்டி. காத்து வாங்குதாம். அலையிலையிருந்து வாற உப்பு ஈரம் ராமுழுக்கக் கதவுக்குக் கீழையும் சில்லுக்கு மேலையும் குந்தியிருக்குது. விடியப்பறம் நீ துணியாலை முகத்தை மட்டும் துடைக்கிறாய். உலகத்திலை கடலைக் கண்டு கறள் பிடிக்கிற டொல்பின் இது ஒண்டுதான். ரிங்கரிங்காரர் ஓட்டை வந்த இடத்திலை பட்டியை அப்பி, மேலை பெயின்ற் அடிச்சுத் தாறார், வடிவாய்த்தான் கிடக்கு. அடுத்த மாரி மட்டும். கறளை வெட்டாமல் பட்டி அப்பிறது, ஊத்தைத் துணிக்கு மேலை பட்டு வேட்டி கட்டிற மாதிரி. கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியாலை அடிப்பக்கத்தைக் கழுவு. தண்ணிப் பில் என்ரை பேரிலை வரும், வீட்டுக்காரன் கூட்டுவான், பரவாயில்லை, பம்ப் விசயத்துக்கு அது என்ரை பங்கு.

புகைப் பரிசோதனை வாற மாசமோ? வரத்தானே வேணும், அது இல்லாமல் திம்பிரிகஸ்யாய கந்தோரிலை வருமான அனுமதிப்பத்திரம் தரமாட்டினம். லண்டனிலை இருக்கிற உன்ரை மச்சானுக்கு இதைவிட மோசம். 2023 ஆவணி 29 இலை இருந்து லண்டன் முழுக்கச் சட்டம், பழைய டீசல் வானை ஒரு நாள் வெளியிலை எடுத்தால் 12 பவுண் 50 பென்ஸ். அவன் வானைக் குடுத்திட்டான். நீ கெட்டிக்காரன், வருசத்துக்கு ஒரு நாள் மட்டும் நல்ல பிள்ளையாய் இருக்கிற வழி கண்டுபிடிச்சிட்டாய். பரிசோதனைக்கு முதல் நாள் பாஸிட்டைப் போய்ப் பம்பைக் குறைக்கிறது, பாஸானவுடனை திரும்பப் போய்க் கூட்டிறது. குறைக்க ஒரு கூலி, கூட்ட ஒரு கூலி, நடுவிலை பரிசோதனைக் காசு. போன முறை குறைச்ச கையோடை முட்டைக்கோவா ஏத்திக்கொண்டு களனிப் பாலம் ஏறினாய். சைக்கிளிலை பாண் விக்கிறவர் உன்னை முந்திக்கொண்டு போனவர் எண்டு நீயே சொன்னனி. அங்கை பெடியன் அக்சிலேற்றரை ஒரே மிதியாய் மிதிச்சு மிதிச்சுப் பாக்கேக்கை நீ கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறாயே, அது பக்தி இல்லை. ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது எண்டு உனக்கே தெரியாது, அந்தப் பயம்.

அதை மாத்து. மற்ற எதை விட்டாலும் அதை விடாதை. ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்திற றப்பர் வார் அது. அறுந்தால் உள்ளுக்கை வால்வும் பிஸ்ரனும் ஒண்டோடை ஒண்டு மோதும், பிறகு எஞ்சினை இறக்கி வைச்சிட்டு ரெண்டு பேரும் அழவேண்டியதுதான். ஒரு லட்சம் ஓடிட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறாயோ? மீற்றர் எத்தினை காட்டுது? 1,60,000. நீ வாங்கேக்கை எத்தினை? அதே 1,60,000. நான் விசாரிச்சுப் பாத்தனான், வெள்ளவத்தையிலை விலைக்கு நிக்கிற வானெல்லாம் 1,60,000 தான். இந்த நாட்டிலை வான் வயசுக்கு வந்த உடனை வளர்றதை நிப்பாட்டிப்போடுது. அப்ப நாள்தான் கணக்கு. பெல்ற் மாத்தின திகதியைக் கதவுக்கு உள்பக்கம் பெயின்ராலை எழுதி வை. எங்கடை கல்யாண நாளை நான் மறந்தாலும் மாமி மன்னிப்பா, பெல்ற் மன்னிக்காது.

காசுக்கு எங்கை போறது எண்டுதானே? அந்த மேல்தட்டிலை ஒரு பால்மாப் பேணி இருக்கு, எடு. மூடியிலை பாத்தியோ, பம்பலப்பிட்டிப் பிள்ளையாரின்ரை படம் ஒட்டியிருக்கிறன். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அஞ்சு ரூபா. 60 ஓடினால் 300, ராவிலை வந்தவுடனை இதுக்குள்ளை. சாப்பிட முதல். மாசத்துக்கு 7,500 வரும், வருசத்துக்கு 90,000. பெல்ற், ரெண்டு ரயர், பற்றறி எல்லாம் வரேக்கை நீ மாமியின்ரை காப்பை ஈடு வைக்க ஓடத் தேவையில்லை. படம் ஏன் ஒட்டினனான் எண்டால், உன்னை எனக்குத் தெரியும். வங்கியிலை போட்டால் எடுப்பாய். சீட்டுப் பிடிச்சால் கூறி எடுப்பாய். பிள்ளையாரின்ரை காசிலை கை வைக்க உனக்குப் பயம். அதுக்குள்ளை போட்ட சதம் வானைத் தவிர வேறை ஒண்டுக்கும் வெளியிலை வரப்படாது. சத்தியம் பண்ணு. நல்லது.

விக்கிற கதைக்கு வாறன். அப்புவிட்டை ஒரு மயிலை எருது இருந்தது. நல்ல எருது, வண்டிலுக்கும் வரும், உழவுக்கும் வரும். வயசு போகேக்கை தரகர் வந்து, துவாயாலை கையை மூடி அப்புவின்ரை விரலைப் பிடிச்சு ஒரு விலை சொன்னார். அப்புவுக்குக் கோவம் வந்திட்டுது. என்ரை எருதுக்கு இவ்வளவுதானோ எண்டு கயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டார். அடுத்த வருசம் பாதி விரல். அதுக்கடுத்த வருசம் தரகர் எங்கடை படலைப் பக்கமே வரேல்லை. மூண்டு வருசம் தவிடும் புண்ணாக்கும் வைச்சார், கடைசியிலை கிடங்கு வெட்டின ரெண்டு பேருக்குக் கூலி குடுத்தார். அண்டைக்கு ராவு சாப்பிடேல்லை. எருதுக்காக எண்டு அம்மா சொன்னா. கூலிக்காக எண்டு எனக்கு ஒரு ஐமிச்சம்.

அதாலை நீ ஒண்டைச் செய். ஓடுற நாளிலை தரகரைக் கூப்பிடு, நிக்கிற நாளிலை கூப்பிடாதை. அடுத்த புள்ளடிக் கணக்கு 41 ஐத் தாண்டினால், அல்லது பாஸ் "தம்பி, ஹெட் எடுத்துப் பாத்தால்தான்..." எண்டு இழுக்கத் தொடங்கினால், மிச்சத்தைக் கேக்காமல் காதைப் பொத்திக்கொண்டு கிளம்பு. வாங்கிறவருக்கு உள்ளதைச் சொல்லு. நீ சொல்லாட்டியும் ஒழுங்கையிலை கிடக்கிற ஒயில் சொல்லும். பட்டா லொறி பாக்கிறதெண்டாலும் பார், காலி வீதிக் கடைக்காரரை மடக்கின பெடியன்ரை லொறியை ஒருக்கா ஏறிப் பார். ஆனால் அதிலை முன்னுக்கு இருக்க ஒரு ஆளுக்குத்தான் இடம், அதையும் யோசி.

வான் எப்ப தருவார் எண்டனி? வியாழக்கிழமையோ? நல்லது. வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு மாமியும் நானும் கீழை நிப்பம். கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்கு. ஓட்டோக்காரர் கேக்கிற காசுக்கு நான் சிதம்பரமே போயிடுவன். அந்தக் கோயிலைப் பாத்தியோ, நூறு வருசத்துக்கு முன்னம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலை கட்டுவிச்சது, ஒரு ரிங்கரிங் வேலையும் தேவையில்லை. வாறபோது முன்சீற்றிலை மொத்தத் துவாய் ஒண்டை மடிச்சுப் போட்டு வை. எஞ்சின் அடியிலை இருக்கிற வான், போன முறை ஆமர் வீதிச் சந்தியிலை அரைமணித்தியாலம் நிண்டதிலை என்ரை வேட்டி இஸ்திரி போட்ட மாதிரி விறைச்சுப்போச்சு. நானும் கொஞ்சம் வெந்துபோனன்.

டீசலுக்கோ? அதுக்கு ஏன் என்னைப் பாக்கிறாய். கோயிலுக்குத்தானே போறம், அந்தப் பேணியிலை எடு.